பாதி ஆள்

மார்ச் 4

தம்பிக்கு அண்ணி எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்களும் நல்லா இருப்பீங்க, ஞாயித்துக்கிழமை போனை டொக்குன்னு வச்ச வேகத்தப் பாத்தா ஒடம்புல தெம்பு ஒண்ணும் கொறையல. போன்ல பேசுனா நமக்குள்ள சண்டைதான் வருது. நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீங்க ரெண்டு சொல்றீங்க. நீங்க ரெண்டாவதச் சொல்றப்போ இங்க சலவைக்கூடத்துல துணி தொவைக்கிற டிரம் சுத்த ஆரம்பிச்சிடுது. காயிதம்னா யாரும் குறுக்கப் பேச முடியாது. அதான் எழுதுறேன்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரே ஒரு தடவ மழைக்கு ஒதுங்குனேன், அன்னிக்கும் லீவு. எழுத்துப் பழகுனதெல்லாம் சலவைத் துணியில குறி போடத்தான். அதனால எழுத்து பெருசு பெருசா இருக்கும். திட்டுறேன்னு நெனச்சுக்காதீங்க. திட்டுற எடம் வந்தா நானே சொல்றேன்.

நீங்க அனுப்புன ஃபாரம் சோப்புத் தூள் டப்பாவுக்கு அடியில பத்திரமா இருக்கு. உங்க அண்ணன்தான் படிச்சுக் காட்டுனாரு. "நன்கொடை நின்ற பிறகும் எங்கள் நிறுவனம் பயிற்சி இளைஞர்களை ஏற்று, அவர்களுக்கான சம்பளத்தைத் தானே வழங்கும் என உறுதி கூறுகிறோம்." படிக்கப் படிக்க அவரு கொரலே மாறிப்போச்சு. எங்க நிறுவனமாம்! ரெண்டு டிரம், ஒரு பிழியுற மெஷின், நாலு இஸ்திரி மேசை, ஒழுகுற கூரை. நிறுவனம்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல.

ஆனா கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. ஏன்னு அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்க விடல.

மூணு வருசமா ஆறு மாசத்துக்கு ரெண்டு பேருன்னு எனக்கு அனுப்புறீங்க. படிப்ப முடிச்சிட்டு வேலை இல்லாம சுத்துன புள்ளைங்க. பஸ் ஸ்டாண்டு மாடியில ஒங்க டீச்சர்கிட்ட ரெண்டு மணி நேரம் பாடம், மிச்ச நேரம் எங்கள மாதிரிக் கடைங்கள்ல வேலை பழகுறது. சம்பளம் உங்க ஆபீஸ் குடுக்குது. உங்க ஆபீஸுக்கு வெளிநாட்டுல யாரோ குடுக்குறாங்க. எங்களுக்கு ஓசியில ரெண்டு கை. கசக்குமா? ஆறு மாசம் ஆனா இந்த ரெண்டு கை போயிடும், புதுசா ரெண்டு கை வரும். போன கையெல்லாம் எங்க போச்சுன்னு நானும் கேக்கல, நீங்களும் கேக்கல.

இந்த எடத்துல தெருமுனைத் தண்ணி மெஷின் பத்திச் சொல்லணும். தண்ணிய சுத்தம் பண்ணிக் குடுக்கும்னு கொண்டாந்து வச்சாங்க இல்ல? ரிப்பன் வெட்டுனாங்க, நீங்க கூட கை தட்டுனீங்க. ஒரு வருசம் ஜோராத் தண்ணி வந்துச்சு. அப்புறம் உள்ள ஒரு வடிகட்டி போச்சு. அது யாரு மாத்தணும்னு யாருக்கும் தெரியல. வச்சவங்க போயிட்டாங்க. இப்ப சைக்கிள் கடைக்காரரு அதுக்குள்ள பழைய டியூப் அடுக்கி வச்சிருக்காரு. கதவு நல்லா மூடுது, எலி போகாதுன்னு ரொம்ப சந்தோசம் அவருக்கு.

மத்தவங்கெல்லாம் போட்டாங்களேங்குறீங்க. நான் போயி விசாரிச்சேன். முடிவெட்டுறவரு என்ன சொன்னாரு தெரியுமா? "உங்க கொழுந்தன் தங்கமான மனுசன், அவரு மொகம் வாடக் கூடாதுன்னு போட்டேங்க." அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டேன். "அது எதுக்குங்க நமக்கு"ங்குறாரு! தம்பி, உங்க கையில இருக்குறது கையெழுத்து இல்ல. உங்க மேல இருக்குற பிரியம். ஜூன்ல நன்கொடை நின்னப்புறம், அத வச்சு ஜூலை மாசம் யாருக்கும் சம்பளம் போட முடியாது.

எங்கிட்ட இப்ப இருக்குற ரெண்டு பேர்ல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான், ஒருத்தி மூட மாட்டா. அவளுக்கு ரேடியோன்னு பேரே வச்சாச்சு. அவ தங்கச்சி ஜூலையில சேரணும்னு காத்துக்கிட்டு இருக்கா. "உண்டாக்கா, உண்டாக்கா"ன்னு தெனமும் கேக்குறா. எனக்குத் தெரியாததுக்கு நான் எப்படி எழுதிக் குடுக்குறது?

உங்க அண்ணனுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு.

அண்ணி

•

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். போனை வைத்தது தவறுதான். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் சொன்னதையும் நினைத்துப் பாருங்கள். "உங்க ஃபாரத்த மடிச்சு டிரம்முக்கு அடியில முட்டுக் குடுக்கலாம், ஆட்டம் நிக்கும்" என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. ரேடியோவாகத்தான் இருக்கும்.

நிலைமையைச் சொல்கிறேன். நன்கொடை ஜூன் மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு திட்டம் எப்படி நடக்கும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால், கடைசியாக ஒரு சிறு தொகை தருவார்கள். அதை வைத்துத்தான் நன்கொடை இல்லாமல் நடத்தப் பழகிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஜூன் கடைசியில் மாடி அறையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுப்பவர்கள் கேட்பது கடைக்காரர்களின் உறுதிமொழி. எல்லோரும் தந்துவிட்டார்கள், நீங்கள் ஒருவர்தான் பாக்கி. மேலதிகாரி கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார், "உங்க அண்ணியே போடலையா சார்?" என்று. அன்று எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

பிரியத்தை வைத்துச் சம்பளம் போட முடியாது என்கிறீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் எதையும் பிரியத்தில்தான் தொடங்க முடிகிறது. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, "ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டபோது என்னிடம் வேறு என்ன இருந்தது? இதற்காக நான் வங்கி வேலையை விட்டவன். அண்ணன் அன்று எனக்கு என்ன பட்டம் கொடுத்தார் என்பது உங்களுக்கே தெரியும்.

தண்ணீர் இயந்திரத்தோடு என் திட்டத்தை ஒப்பிட்டதுதான் மிகவும் உறுத்தியது. நான் இன்னும் போய்விடவில்லையே, அண்ணி.

கையெழுத்து வேண்டாம் என்றால் வேறு என்ன செய்யலாம் என்றாவது சொல்லுங்கள்.

தம்பி

•

மார்ச் 24

தம்பிக்கு,

சிரிச்சது ரேடியோ இல்ல. உங்க அண்ணன்.

வேற என்ன செய்யலாம்னு கேட்டீங்க. நேராச் சொல்ல எனக்கு வராது, சுத்தித்தான் வருவேன். டிரம் ஓடிக்கிட்டு இருக்கு, அது நிக்கிற வரைக்கும் எனக்கும் வேலை இல்ல, பொறுமையாப் படிங்க.

உங்க அண்ணன் முழங்கால் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கு முழுசாத் தெரியாது. வழுக்கி விழுந்தாருன்னுதான் சொல்லியிருக்கோம். எதுல வழுக்குனாரு? அன்னிக்கு ஆஸ்பத்திரி விரிப்பு மொத்தமும் டிரம்முக்குள்ள. திடீர்னு கரண்டு போச்சு. பாதித் தண்ணி உள்ள, கதவு தொறக்காது, கையால தொறக்குறதுக்குப் பின்பக்கம் ஒரு பிடி இருக்கு, அது எங்களுக்குத் தெரியாது. உங்க அண்ணன் பலத்தக் காட்டுறேன்னு கதவ இழுத்தாரு. அது தொறந்துச்சு. தண்ணி மொத்தமும் வெளிய வந்து மனுசன வாசல் வரைக்கும் கொண்டு போயி விட்டுட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரி விரிப்போட அவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம்.

அதுக்கப்புறம் கூடத்துல ஒரு வழக்கம் வச்சேன். மாசத்துல ஒரு நாள் கரண்டு இருக்கும்போதே மெயினை அணைச்சுடுவேன். அதுக்கு மெஷின் நிக்கிற நாள்னு பேரு. அன்னிக்குக் கையால தொறக்கணும், கையால பிழியணும், கரி இஸ்திரிப் பெட்டிய எடுக்கணும். மொதல் மாசம் எல்லாரும் என்னைய வஞ்சாங்க. பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு உங்க அண்ணன் தெருவுக்கே சொன்னாரு. ஆனா எந்தத் துணி அன்னிக்கு முடியும், எது முடியாது, யாரு எதுக்கு ஒதவுவா, எல்லாம் எங்களுக்கு இப்ப அத்துப்படி.

உங்க திட்டத்துக்கும் ஒரு நிக்கிற மாசம் வையுங்க. பணம் இருக்கும்போதே. ஜூன்ல தானா நிக்கிறதுக்கு முன்னாடி மே மாசத்துல நீங்களா நிறுத்துங்க. யாரு புள்ளைங்கள வச்சுக்குறா, யாரு அனுப்புறான்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் எழுதிக் குடுங்க உங்க பெரியவங்களுக்கு.

அப்ப நான் கையெழுத்துப் போடுறேன். எங்கிட்ட இருக்குற ரெண்டு பேரையும் நான் விட மாட்டேன், அத வேணா இப்பவே சொல்றேன்.

புள்ளைங்க வயித்துல மட்டும் அடிச்சிராதீங்க. அதுக்கு ஒரு வழி நீங்கதான் பாக்கணும்.

அண்ணி

•

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் யோசனையை அலுவலகத்தில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். "பட்டினி வருவதற்கு முன்னால் பட்டினி கிடந்து பழகுவதா?" என்றார் மேலதிகாரி. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, உங்கள் ஊரில் மட்டும் செய்து பார்க்க அனுமதி தந்தார். கையெழுத்துக் கட்டைப் புரட்டிப் பார்த்தாராம், எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருந்ததாம். நான் எழுதிக் கொடுத்ததுதானே, வேறு எப்படி இருக்கும்?

கடைக்காரர்கள், பிள்ளைகள் எல்லோரிடமும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டேன். இது ஒத்திகை. மே மாதம் அலுவலகம் கடைகளுக்காகச் சம்பளம் தராது. வைத்துக்கொள்கிறவர் தானே கொடுக்க வேண்டும், முடியாதவர் அனுப்பிவிடலாம், தவறாக நினைக்க மாட்டோம். அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அலுவலகம் வழக்கம்போல் கொடுத்துவிடும், அவர்கள் மாடி அறையில் இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

நிறுத்துவது என்றால் முழுதாக நிறுத்த வேண்டும் அல்லவா? டீச்சருக்கு அந்த மாதம் சம்பளத்தோடு விடுமுறை. பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் வராது. வியாழக்கிழமைதோறும் வருகிற நானும் வர மாட்டேன். என்ன நடந்தது என்று நீங்கள் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், எனக்காக மெழுக வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் பயமாகத்தான் இருக்கிறது.

தம்பி

•

ஜூன் 2

தம்பிக்கு,

மே முடிஞ்சுது. மெழுக வேண்டாம்னீங்க, மெழுகல.

மொதல்ல என் கதை. நான் ரேடியோவ அனுப்பிட்டேன்.

ஆமா தம்பி, நானேதான். விட மாட்டேன்னு எழுதுன அதே கைதான். மே மொதல் நாள் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், ரெண்டு பேருக்குக் குடுக்க வழியே இல்ல. அந்தப் பேசாத பையன் இஸ்திரி நல்லாப் போடுவான். இவ ஒரு விரிப்பு மடிக்கிறதுக்குள்ள ஊர்க்கதை முழுசும் மடிச்சு வச்சிருவா. அவன வச்சுக்கிட்டு இவள அனுப்புனேன். "ஒத்திகைதான் கண்ணு, கோவிச்சுக்காத"ன்னேன். "ஒத்திகையிலேயே என்னைய வேணாம்னுட்டீங்களேக்கா"ன்னா. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. அவ பேசாம நான் பாத்தது அன்னிக்குத்தான். கூடமே என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

மறுநாள் காலையில பாத்தா வாசல்ல நிக்கிறா. "என்னடி?"ன்னேன். "வேலைக்கு வரல, சும்மா வந்து நிக்கிறேன். வாசல் பொதுதானே?"ங்குறா.

மத்த கதையும் அதுதான். டெய்லரு அனுப்பிட்டாரு. அச்சடிக்கிற பிரஸ்காரரு அனுப்பிட்டாரு. லாட்ஜுக்காரரு மொதல் நாளே அனுப்பிட்டாரு. நீங்க வச்சிருக்குற கட்டு மொத்தமும் அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒரே ஒரு ஆள் மட்டும் மாசம் பூரா வச்சிருந்து, தன் கையால சம்பளமும் குடுத்தாரு. யாருன்னு நெனைக்கிறீங்க? முடிவெட்டுறவரு. ஃபாரத்தப் படிக்காமலே போட்டாரே, அவருதான். "உங்க கொழுந்தன்கிட்ட சொல்லிட்டேனுங்களே, அப்புறம் எப்படி அனுப்புறது?"ன்னாரு. நான் அவர எம்புட்டு எளக்காரமா எழுதியிருந்தேன். எனக்கு மொகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

இப்ப ரேடியோ கதைக்கு வரேன். திரும்பி வந்த புள்ளைங்கெல்லாம் மாடி ரூம்ல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. இவளுக்கு உக்காந்தா கால்ல முள்ளு குத்துமே. கடை கடையா ஏறி, "இவன ஏன் அனுப்புனீங்க, அவள ஏன் அனுப்புனீங்க?"ன்னு கேட்டிருக்கா. கூச்சமே இல்லாம. எல்லாரும் பணம் இல்லன்னு சொல்வாங்கன்னு நான் நெனச்சேன். அவங்க சொன்னது வேற.

டெய்லரு சொன்னாராம், "எனக்கு வாரக் கடைசியிலதான் துணி குமியுது. மத்த நாள் ஈ ஓட்டுறேன். ஈ ஓட்ட ஒரு ஆளுக்குச் சம்பளமா?" பிரஸ்காரருக்கு மத்தியானத்துக்கு மேலதான் வேலை. லாட்ஜுல காலையில மட்டும்தான் ஆள் வேணும், ரூம் காலி பண்ணி விரிப்பு மாத்துற நேரம். எனக்கு அந்த விரிப்பெல்லாம் வந்து சேர்ற மத்தியானத்துல வேணும்.

ரேடியோ வந்து மூச்சு விடாம இதச் சொல்லி முடிச்சா. நான் இஸ்திரிப் பெட்டியக் கீழ வச்சேன். முழு ஆளு யாருக்கும் வேணாம் தம்பி. பாதி ஆளு எல்லாருக்கும் வேணும். அந்தப் பாதியக் கேக்க ஒங்க ஃபாரத்துல எடம் இல்ல. ஓசியா முழு ஆளு வந்தப்போ நாங்களும் வாய் தொறக்கல.

அன்னிக்கே அவளக் கூட்டிக்கிட்டு லாட்ஜுக்குப் போனேன். காலையில உங்ககிட்ட, மத்தியானம் எங்கிட்ட, சம்பளம் ஆளுக்குப் பாதின்னேன். லாட்ஜுக்காரரு அவள ஏற எறங்கப் பாத்துட்டு, "பாதின்னா எந்தப் பாதி? வாய் இல்லாத பாதிய எனக்குக் குடுங்க"ன்னாரு. மே கடைசி ரெண்டு வாரம் அவ அப்படித்தான் வேலை பாத்தா. இங்கருந்து போற விரிப்பும் அங்க மாத்துற விரிப்பும் ஒரே ஆள் பாக்குறதுனால எது கிழிஞ்சது, எது காணோம்னு சண்டையே இல்ல. டெய்லரும் பிரஸ்காரரும் ஒருத்தனப் பங்கு போட்டுக்கிட்டாங்க. எல்லாப் புள்ளைக்கும் ஜோடி கெடைக்கல, அதையும் சொல்லிடறேன். பாதிப் பேருக்குத்தான் கெடச்சுது.

டீச்சர் இல்லாம ரொம்பத் திண்டாடிட்டோம். டெய்லர்கிட்ட இருந்த பையன் துணிய மாத்தி வெட்டிட்டான், அவரு கத்துனாரு, இவன் வீட்டுல போயிப் படுத்துட்டான். டீச்சரா இருந்தா மறுநாளே போயி, பேசி, கூட்டியாந்திருக்கும். நான் போனேன். "திட்டுனா என்ன, தேஞ்சா போயிருவ?"ன்னேன். கதவச் சாத்திட்டான். எனக்கு அந்தப் பக்குவம் கெடையாது. டீச்சர் இல்லாம இது ஓடாது, என்ன ஆனாலும் அந்த அம்மா வேணும்.

வேன் இல்லாததை யாரும் கவனிக்கவே இல்ல. எல்லாரும் நடந்து வர்ற தூரம்தானே.

இன்னொண்ணும் எழுதணும். ரெண்டு நாளா எழுதி எழுதி அடிக்கிறேன். நடந்ததை நடந்தபடின்னீங்க. வியாழக்கிழமை வந்துச்சு, போச்சு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்.

உங்கள யாரும் தேடல தம்பி.

அண்ணி

•

ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. விவரங்களுக்கு நன்றி.

அண்ணனுடைய முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும் என்றார்கள்.

தம்பி

•

ஜூன் 19

தம்பிக்கு,

தைலம் வந்துச்சு. தேய்க்கத்தான் ஆளில்ல. உங்க அண்ணன் எங்கூடப் பேசுறதில்ல. நான் எழுதுனத அவருகிட்டச் சொல்லித் தொலச்சேன். "எந்தம்பிய யாரும் தேடலன்னு எழுதுனியா? எழுத உனக்குக் கை வந்துச்சா?"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எது வேணும்னாலும் செவத்தப் பாத்துச் சொல்றாரு. "தண்ணி சூடா இருந்தா நல்லா இருக்கும்"ங்குறாரு செவத்துக்கிட்ட. செவுரு என்ன பண்ணும், நாந்தான் சுட வைக்கிறேன்.

எழுதுனது பொய் இல்ல. அதனால அத அழிக்க மாட்டேன். ஆனா முழுசும் இல்ல. மீதிய இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். அத எழுதாம விட்டா நான் மனுசியே இல்ல.

ரேடியோ தங்கச்சிக்கு எடம் பாத்தேன். பிரஸ்ல மத்தியானத்துக்கு இன்னொரு பாதி ஆளு வேணுமாம், காலைக்கு ஒரு எடம் கெடச்சா ஜோடி சேந்துரும். புதுசா பேக்கரி வந்திருக்கு. நானே நேராப் போனேன். வழியெல்லாம் என்ன பேசணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். அங்க போனதும் என்ன சொன்னேன்னு நெனைக்கிறீங்க? "பாருங்க, காலையில உங்களுக்கு ஆள் பத்தல, எனக்குத் தெரியும், ஒரு பொண்ண வச்சுக்கோங்க"ன்னேன். ரேடியோ அப்புறம் சொல்றா, "அக்கா, நீங்க கேட்ட மாதிரி இல்ல, கடையப் பூட்டி சீல் வைக்க வந்த மாதிரி இருந்துச்சு"ன்னு. பேக்கரிக்காரரு நிமிந்து கூடப் பாக்கல. "யோசிக்கிறேன்"னு சொல்லி, எனக்கு ஒரு ரொட்டியக் குடுத்து அனுப்பிட்டாரு.

வெளிய வந்து நின்னேன். அந்தப் பக்கமா முடிவெட்டுறவரு வந்தாரு. "உங்க கொழுந்தன் வந்து கேக்கலியா?"ன்னாரு. "அவரு எங்கிட்ட ஃபாரம் நீட்டுறதுக்கு முன்னாடி மூணு தடவ முடி வெட்டிக்கிட்டாருங்க. மூணாவது தடவ தலையில வெட்ட முடியே இல்ல. ஒக்காந்து தொழிலப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம்தான் ஒரு பையன் இருக்கான்னு சொன்னாரு"ன்னாரு.

மாசாமாசம் உங்கள யாரும் தேட மாட்டாங்க, அது நெசம். நடக்குற கடைக்கு நீங்க வேணாம். ஒரு புதுக் கதவத் தொறக்கணும்னா, அன்னிக்கு நீங்க வேணும். வாசல்ல நின்னப்போ நான் உங்களத் தேடுனேன்.

பதில் போடாட்டியும் பரவால்ல. தைலத்துக்கு நன்றி. உங்க அண்ணன் பேச ஆரம்பிச்சதும் தேய்க்கிறேன்.

அண்ணி

•

ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

அன்று எழுதிய இரண்டு வரிக்காக வெட்கப்படுகிறேன். உண்மையாக எழுதுங்கள் என்று நானே கேட்டுவிட்டு, எழுதியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாரும் தேடவில்லை என்ற உங்கள் ஒரு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல நாள் அலுவலகம் போய்வந்தேன். அதுவே எனக்கு உதவியது.

பழைய உறுதிமொழிக் கட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மே மாதம் நடந்ததை அப்படியே எழுதினேன், நீங்கள் ரேடியோவை அனுப்பியதையும் விடவில்லை, மன்னியுங்கள். இனி இரண்டு கடைக்கு ஒரு பிள்ளை, சம்பளம் இருவரும் பாதிப் பாதி. முன்பு எடுத்ததில் பாதிப் பேரைத்தான் எடுக்க முடியும். அதைக் குறைவு என்று மறைக்காமல் எழுதினேன். ஆறு மாதம் முடிந்ததும் அந்தப் பிள்ளையை நிரந்தரமாக வைத்துக்கொள்கிற கடைக்குத்தான் அடுத்த பிள்ளை. வேனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மாடி அறை வாடகையைக் கடைகள் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டன. கடைசித் தொகை வந்தால் அது முழுவதும் டீச்சருடைய சம்பளத்திற்கு. அது தீர்வதற்குள் அவருக்கும் கடைகளே பங்கு போட்டுக் கொடுக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

கொடுப்பவர்களின் அதிகாரி நேரில் வந்திருந்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் உங்களுக்கான இடம் எங்கே?" என்று கேட்டார். "மே மாதம் தேடிப் பார்த்தோம் சார், இல்லை" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து கை கொடுத்தார். தொகை வருகிறது.

ஆக, இந்த மாதக் கடைசியோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நேற்று ஒரு இடத்தில் நானே போய் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரேடியோவிடம் சொல்லாதீர்கள்.

பேக்கரிக்காரரிடம் போனில் பேசினேன். டொக்கென்று வைக்கவில்லை.

அண்ணன் பேசிவிட்டாரா?

தம்பி

•

ஜூலை 14

தம்பிக்கு,

பேசிட்டாரு. உங்க காயிதத்தப் படிச்சுக் காட்டச் சொன்னேன், அதிகாரி கை குடுத்த எடத்துல நிறுத்திட்டாரு. "அன்னிக்கு வங்கி வேலைய விட்டப்போ அவன முட்டாள்னேன்"னாரு. செவத்தப் பாத்துத்தான் சொன்னாரு. அப்புறம் திரும்பி, "தைலம் எங்க?"ன்னு கேட்டாரு. சூடு பறக்கத் தேச்சேன். கத்துன கத்துல பக்கத்துக் கடைக்காரரு ஓடி வந்துட்டாரு.

பேக்கரிக்காரரு ரேடியோ தங்கச்சியச் சேத்துக்கிட்டாரு. காலையில அங்க, மத்தியானம் பிரஸ்ல. "உங்க கொழுந்தன் அரை மணி நேரம் பேசுனாரு, பாதி நேரம் என் அடுப்பப் பத்தித்தான் கேட்டாரு"ன்னு ஒரே பெருமை. ரேடியோவ நாங்களும் லாட்ஜும் சேந்து நிரந்தரமா வச்சுக்கிட்டோம். ஒரு பாதியச் சமாளிக்கிறதே பெரிசா இருக்குன்னு லாட்ஜுக்காரரு சொல்றாரு, ஆனா அவ ஒரு நாள் வரலன்னா மொத போன் அவருதான் பண்றாரு. பேசாத பையனையும் நான் விடல. நேத்து அவன் ஒரு வார்த்த பேசுனான். "சூடு"ன்னான். இஸ்திரிப் பெட்டிய என் கை தொடப் போச்சு. தேவையான நேரத்துக்குப் பேசுறான்.

இப்ப விசயத்துக்கு வரேன். புது ஆஸ்பத்திரி ஒண்ணு கட்டி முடிக்கப் போறாங்க. அவங்க விரிப்பெல்லாம் யாரு தொவைப்பா? யாரு போயிக் கேக்குறாங்களோ அவங்கதான். நான் கேட்டா என்ன ஆகும்னு பேக்கரியில பாத்தாச்சு. ரொட்டியக் குடுத்து அனுப்பிருவாங்க. லாட்ஜுக்காரருக்கும் காலையில வர்ற போறவங்ககிட்ட நல்லபடியாப் பேச ஒரு ஆள் வேணுமாம். அவரு பேசுனா வந்தவங்க வேற லாட்ஜுக்குப் போயிடறாங்களாம்.

அதனால சோப்புத் தூள் டப்பாவுக்கு அடியில இருந்த ஃபாரத்த எடுத்தேன். ஒரு ஓரம் நனஞ்சிருக்கு, பரவால்ல. "பயிற்சி இளைஞர் பெயர்"னு இருந்த எடத்துல கொழுந்தன்னு எழுதியிருக்கேன். வயசு எழுதல, பாத்துச் சிரிப்பாங்க. "நிறுவனம்"ங்குற எடத்துல ரெண்டு பேரு: காலையில லாட்ஜு, மத்தியானம் சலவைக்கூடம். வருசத்துக்கு ரெண்டு தடவ புதுப் புள்ளைங்க சேர்ற நேரத்துல, எல்லாக் கடைக்கும் போயி முடி வெட்டிக்கிட்டு, அடுப்பப் பத்திக் கேட்டுட்டு வரணும், அன்னிக்கெல்லாம் லீவு. அதையும் ஓரத்துல எழுதியிருக்கேன்.

நீங்க நேர்முகத் தேர்வுக்குப் போயி உக்காந்த எடத்துல வேலை கெடச்சா அங்கேயே சேந்துக்கோங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன், உங்க அண்ணன் மட்டும் செவத்துக்கிட்ட ரெண்டு நாள் பேசுவாரு.

கடைசியில பாருங்க, கையெழுத்துப் போட்டிருக்கேன். மொதல் கையெழுத்து என்னோடது, அடுத்தது லாட்ஜுக்காரரோடது. என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் போட்டோம்.

மொதல் மாசம் ஒத்திகைதான். பிடிக்கலன்னா அனுப்பிருவேன், ரேடியோவையே அனுப்புனவ நான். அப்படி அனுப்புனா மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஊருக்குப் போயிராதீங்க. மறுநாள் காலையில வந்து வாசல்ல நில்லுங்க.

அண்ணி